புயலுக்கும் காட்டுத்தீக்கும் பிறகு அமெரிக்கப் பண்ணைகளுக்கு வரும் அரசு நிவாரணத் தொகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் நிலம் வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ சாகுபடி செய்பவர்களும், அந்நாட்டு வேளாண் கொள்கையைத் தொடர்ந்து கவனிப்பவர்களும் எழுப்பும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விதிகள் ஒவ்வொரு நிதி ஒதுக்கீட்டுடனும் மாறக்கூடியவை என்பதால், எந்தத் திட்டம் எந்த ஆண்டின் இழப்புக்கு உரியது என்பதைப் பார்த்துக்கொண்டே படிப்பது நல்லது.

புயலில் பயிர் அழிந்தால் அரசு தானாகவே இழப்பீடு கொடுத்துவிடுமா?

இல்லை. பண்ணைக்கு வரும் பேரிடர்ப் பணத்துக்கு மூன்று வழிகள் உண்டு. அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் நேர்கின்றன.

முதலாவது, விவசாயி முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும் பயிர்க் காப்பீடு. தனியார் நிறுவனங்கள் அதை விற்கின்றன. வேளாண் துறையின் கீழுள்ள இடர் மேலாண்மை முகமை விதிகளை வகுப்பதோடு பிரீமியத்தில் பெரும்பகுதியையும் அரசே ஏற்கிறது. இரண்டாவது, சட்டத்தில் நிரந்தரமாக இடம்பெற்ற உதவித் திட்டங்கள்: கால்நடை இறப்பு, மேய்ச்சல் இழப்பு, பழமரங்களின் அழிவு ஆகியவற்றுக்கான திட்டங்களை 2014-ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் நிலைப்படுத்தியது. மூன்றாவது, பேரிடர் நிகழ்ந்த பிறகு நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றி ஒதுக்கும் சிறப்பு நிதி. செய்திகளில் பெருந்தொகையாக அடிபடுவது இந்த மூன்றாவது வகைதான். ஆனால் அது எவருக்கும் உரிமையாக வருவதில்லை. காங்கிரஸ் ஒதுக்கினால் உண்டு, ஒதுக்காவிட்டால் இல்லை.

பேரிடர் என்றாலே ஃபீமாதானே? அங்கே விண்ணப்பித்தால் போதாதா?

போதாது. ஃபீமா எனப்படும் கூட்டாட்சி அவசரநிலை மேலாண்மை முகமை, விவசாயி குடியிருக்கும் வீட்டுக்கும் தற்காலிகத் தங்குமிடத்துக்கும் உதவும். வயலில் சாய்ந்த பயிருக்கோ செத்த மாட்டுக்கோ அது பணம் தருவதில்லை. அவற்றுக்கெல்லாம் போக வேண்டிய இடம், வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை உங்கள் கவுண்டியில் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) வைத்திருக்கும் அலுவலகம். அங்கே சம்பளம் பெறும் அலுவலர்களோடு, உள்ளூர் விவசாயிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் குழுவும் உண்டு. உங்கள் இழப்புக் கணக்கு ஏற்கத்தக்கதா என்பதை அக்குழுவே பல சமயங்களில் முடிவுசெய்கிறது.

குடியரசுத் தலைவர் ஒரு பகுதியைப் பெரும் பேரிடர்ப் பகுதியாக அறிவித்தால், வேலை இழந்த பண்ணைத் தொழிலாளர்களும் சுயதொழிலாகப் பயிர் செய்பவர்களும் பேரிடர் வேலையின்மை உதவிக்கு மாநில அரசிடம் விண்ணப்பிக்கலாம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

சிறப்பு நிதி இதுவரை எப்போதெல்லாம் ஒதுக்கப்பட்டது?

இப்போதைய முறைக்கு அடித்தளமிட்டது 2017. அந்த ஆண்டு ஹார்வி, இர்மா, மரியா என மூன்று பெரும் சூறாவளிகள் டெக்சஸையும் ஃபுளோரிடாவையும் போர்ட்டோ ரிக்கோவையும் தாக்கின. டிசம்பரில் கலிஃபோர்னியாவின் வென்சுரா, சாண்டா பார்பரா கவுண்டிகளில் பரவிய தாமஸ் தீ, அவகாடோ, எலுமிச்சைத் தோப்புகளைக் கருக்கியது. 2018 பிப்ரவரியில் காங்கிரஸ் 236 கோடி டாலர் ஒதுக்கியது. அதைக் கொண்டு உருவான காட்டுத்தீ, சூறாவளி இழப்பீட்டுத் திட்டத்தை அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'விப்' என்று அழைத்தார்கள்.

2018, 2019 இழப்புகளுக்காக, ஃபுளோரன்ஸ், மைக்கேல் சூறாவளிகளையும் கணக்கில் கொண்டு, 2019 ஜூனில் 300 கோடி டாலருக்குச் சற்றுக் கூடுதலாக ஒதுக்கப்பட்டது. இது 'விப் பிளஸ்' ஆனது. 2020, 2021 இழப்புகளுக்கு 2021 செப்டம்பர் 30 அன்று 1,000 கோடி டாலர் ஒதுக்கப்பட்டு, பெயரும் அவசரகால நிவாரணத் திட்டம் என்று மாறியது. 2020 ஆகஸ்ட் 10 அன்று அயோவாவின் மக்காச்சோள வயல்களை ஒரே நாளில் படுக்கவைத்த 'டெரேச்சோ' என்னும் நேர்கோட்டுப் பெருங்காற்றும், அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் பற்றிய தீகளும் இந்த நிதிக்குள் வந்தன. 2022-இன் இழப்புகளுக்கு ஒதுக்கப்பட்டது இந்த 1,000 கோடியைவிட மிகக் குறைவு. 370 கோடி டாலரை ஒட்டிய தொகை.

2023, 2024 இழப்புகளுக்கான சட்டம் 2024 டிசம்பர் 21 அன்று கையெழுத்தானது. விவசாயிகளுக்கென அதில் மொத்தம் 3,000 கோடி டாலருக்கு மேல் இருந்தாலும், 1,000 கோடி விலைவீழ்ச்சிக்கும் செலவு உயர்வுக்குமான பொருளாதார உதவி. பேரிடருக்கு உரியது மீதித் தொகைதான். இடாலியா, ஹெலீன், மில்டன் சூறாவளிகளும் 2024-இன் டெக்சஸ் காட்டுத்தீயும் இதில் அடங்கும். பயிர் இழப்புக்கான பகுதிக்குத் துணைப் பேரிடர் நிவாரணத் திட்டம் என்று பெயர்.

பணம் வர ஏன் இத்தனை காலம் ஆகிறது?

வரிசையாகத் தேதிகளை வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். மைக்கேல் சூறாவளி கரை கடந்தது 2018 அக்டோபர் 10; சட்டம் வந்தது அடுத்த ஜூனில்; விண்ணப்பம் தொடங்கியது 2019 செப்டம்பரில். டெரேச்சோ வீசியது 2020 ஆகஸ்டில். அதற்கான நிவாரண விண்ணப்பப் படிவங்கள் விவசாயிகளின் அஞ்சல் பெட்டிக்கு வந்தது 2022 மே மாதத்தில். இடாலியா தாக்கியது 2023 ஆகஸ்டில்; விண்ணப்பம் தொடங்கியது 2025 ஜூலையில்.

வேளாண் துறையின் சோம்பல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. முதலில் காங்கிரஸ் ஒதுக்க வேண்டும். அந்த ஒதுக்கீடு பெரும்பாலும் அரசின் செலவுச் சட்டத்தோடு பிணைக்கப்பட்டு, அதன் இழுபறி முடியும்வரை காத்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு முறையும் புதிதாக விதி எழுத வேண்டும், புதிதாக மென்பொருள் அமைக்க வேண்டும், கவுண்டி அலுவலர்களைப் பழக்க வேண்டும். நிரந்தரத் திட்டமாக இருந்திருந்தால் இந்த வேலைகளில் பாதி புயலுக்கு முன்பே முடிந்திருக்கும். ஆண்டுதோறும் வரும் பேரிடரை ஆண்டுதோறும் எதிர்பாராதது போல நடத்தும் இந்த ஏற்பாடு தவறானது என்பதே இதை எழுதுபவரின் கருத்து. அடுத்த விதைப்புக்கான கடன் வாங்க வங்கியில் நிற்கும் விவசாயிக்கு, இரண்டு ஆண்டு கழித்து வரப்போகும் தொகை ஈடாகாது.

ஒப்புநோக்க, குறியீட்டுக் காப்பீடு விரைவாகப் பணம் தருகிறது. 2020-இல் அறிமுகமான சூறாவளிக் காற்றுக் குறியீட்டுக் காப்பீட்டில், கவுண்டி அந்தக் காற்றின் வட்டத்துக்குள் வந்ததாக அரசின் வானிலைத் தரவு காட்டினாலே போதும். யாரும் வயலுக்கு வந்து சேதத்தை அளக்க வேண்டியதில்லை. ஆனால் அடிப்படைப் பயிர்க் காப்பீடு இருப்பவர்தான் அதை வாங்க முடியும்.

இடைக்காலத்தில் கைச்செலவுக்கு என்ன வழி?

வேளாண் துறைச் செயலரோ குடியரசுத் தலைவரோ பேரிடர்ப் பகுதியாக அறிவித்த கவுண்டிகளிலும் அவற்றை ஒட்டிய கவுண்டிகளிலும், பண்ணைச் சேவை முகமையின் அவசரகாலக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். உச்சவரம்பு 5 லட்சம் டாலர். அறிவிப்பு வெளியான எட்டு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இது கடன்தான், நிவாரணம் அல்ல.

பயிர்க் காப்பீடு எடுக்காதவருக்கும் சிறப்பு நிதியிலிருந்து பணம் உண்டா?

உண்டு, ஆனால் குறைவாக. அந்தக் குறைவு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. 2017 இழப்புகளுக்கான விப் திட்டத்தில், காப்பீடு இல்லாதவருக்கு 65 விழுக்காடும் மிக உயர்ந்த அளவுக் காப்பீடு எடுத்தவருக்கு 95 விழுக்காடும், எதிர்பார்த்த விளைச்சலின் மதிப்பை எந்த அளவுவரை ஈடுசெய்வது என்ற கணக்கீட்டுக் காரணியாக வைக்கப்பட்டன. 2024 டிசம்பர் சட்டமோ, காப்பீட்டுத் தொகையையும் நிவாரணத்தையும் சேர்த்து, காப்பீடு எடுத்தவருக்கு இழப்பில் 90 விழுக்காட்டையும், எடுக்காதவருக்கு 70 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியது.

வேகத்திலும் வேறுபாடு உண்டு. காப்பீட்டுக் கோரிக்கை தீர்ந்தவர்களின் விவரம் அரசிடம் ஏற்கெனவே இருப்பதால், அவர்களுக்கு முன்நிரப்பிய படிவம் வீட்டுக்கே வருகிறது. சரிபார்த்துக் கையெழுத்திட்டால் போதும். காப்பீடு இல்லாதவர்களும், காப்பீடு இருந்தும் இழப்பு அதன் வரம்பைத் தொடாதவர்களும் இரண்டாம் கட்டத்துக்குக் காத்திருக்க வேண்டும். 2023, 2024 இழப்புகளுக்கு முதற்கட்டம் 2025 ஜூலையில் தொடங்கியது. இரண்டாம் கட்டம் நவம்பரில்தான். பலவகைக் காய்கறிகளைச் சிறு நிலத்தில் பயிரிட்டு நேரடியாக விற்பவர்களே இந்த இரண்டாம் வரிசையில் அதிகம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு நிபந்தனை: சிறப்பு நிதியைப் பெற்றவர் அடுத்த இரண்டு பயிர் ஆண்டுகளுக்குக் குறைந்தது 60 விழுக்காட்டு அளவில் காப்பீடு வாங்கியாக வேண்டும். வாங்கத் தவறினால் பெற்ற பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டியிருக்கும்.

எங்கள் கவுண்டியில் எங்கள் பயிருக்குக் காப்பீடே விற்பதில்லையே?

அந்நிலைக்காகவே காப்பீடற்ற பயிர் உதவித் திட்டம் இருக்கிறது. ஒரு பயிருக்கு 325 டாலர் பதிவுக் கட்டணம். எத்தனை பயிராக இருந்தாலும் ஒரு கவுண்டிக்கு 825 டாலருக்கு மேல் போகாது. புதிதாகப் பயிர்த்தொழிலில் இறங்கியவர்களுக்கும், வளம் குறைந்தவர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும் இக்கட்டணம் தள்ளுபடி. அடிப்படைப் பாதுகாப்பு மெலிந்தது: வழக்கமான விளைச்சலில் பாதிக்கும் கீழே போன இழப்புக்கு மட்டும், சராசரிச் சந்தை விலையில் 55 விழுக்காடு என்ற கணக்கில் தருகிறார்கள். அந்தத் தொகைக்காக இல்லாவிட்டாலும் பதிவு செய்து வைப்பதே புத்திசாலித்தனம். பிற்பாடு சிறப்பு நிதி வரும்போது, காப்பீடு உள்ளவர் வரிசையில் உங்களை நிறுத்துவது இந்தப் பதிவுதான்.

காட்டுத்தீயில் மாடுகள் செத்தன, மேய்ச்சல் நிலமும் எரிந்தது. எங்கே விண்ணப்பிப்பது?

2024 பிப்ரவரி 26 அன்று டெக்சஸின் பான்ஹேண்டில் பகுதியில் தொடங்கிய ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ, அம்மாநில வரலாற்றிலேயே மிகப் பெரியது. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்து, ஆயிரக்கணக்கான மாடுகள் மடிந்தன. அத்தகைய இழப்பு ஒரே படிவத்தில் முடிவதில்லை.

செத்த விலங்குகளுக்குக் கால்நடை இழப்பீட்டுத் திட்டம் உள்ளது. இயல்பான இறப்பு விகிதத்துக்கு மேற்பட்ட இறப்புகளுக்கு, அந்த வகை விலங்கின் சராசரிச் சந்தை மதிப்பில் 75 விழுக்காடு கிடைக்கும். எரிந்த மேய்ச்சல் நிலத்துக்கோ, நிலம் யாருடையது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது. கூட்டாட்சி அரசு நிர்வகிக்கும் நிலத்தில் மேய்த்துவந்து, தீயின் காரணமாக அங்கே மேய்ச்சல் தடை செய்யப்பட்டிருந்தால், கால்நடைத் தீவனப் பேரிடர்த் திட்டத்தின் கீழ், தடை நீடித்த நாட்களுக்கு, 180 நாள் வரம்புக்குள், தீவனச் செலவில் பாதி கிடைக்கும். எரிந்தது சொந்த நிலமோ தனியாரின் குத்தகை நிலமோ என்றால் அத்திட்டம் உதவாது. கால்நடை, தேனீ, பண்ணை மீன்களுக்கான அவசர உதவித் திட்டத்துக்குப் போக வேண்டும். எரிந்துபோன வைக்கோலும் தேனீப் பெட்டிகளும் கூட இதில்தான் வரும். ஒரே தீ, ஒரே வேலியின் இரு புறமும் இரண்டு திட்டங்களாகப் பிரிவது விவசாயிக்கு விளங்காததில் வியப்பில்லை.

தீ எங்கள் தோட்டத்தைத் தொடவில்லை. புகை மட்டும் சூழ்ந்தது. அதற்கும் உண்டா?

திராட்சைக்கு உண்டு. கொடியில் பழம் முற்றும் காலத்தில் புகை படிந்தால், அதிலுள்ள சேர்மங்கள் பழத்தில் இறங்கி, ஒயினில் சாம்பல் சுவையாக வெளிப்படும். 2020-இல் கலிஃபோர்னியாவின் நாபா, சொனோமா பள்ளத்தாக்குகளில் ஒயின் ஆலைகள் இதே காரணத்தால் திராட்சையை வாங்க மறுத்தன. பழம் கண்ணுக்கு நன்றாகவே இருந்தது. 2021-இன் ஒதுக்கீட்டுச் சட்டம், அறுவடை செய்தும் கெட்டுப்போன ஒயின் திராட்சையை இழப்பாகத் தனியே பெயர் சொல்லிச் சேர்த்தது. இத்தகைய கோரிக்கைக்கு ஆய்வகப் பரிசோதனை அறிக்கையும் ஆலை மறுத்த கடிதமும் இன்றியமையாதவை. 2025 பயிர் ஆண்டு முதல் கலிஃபோர்னியாத் திராட்சைக்குப் புகைக் குறியீட்டை அடிப்படையாகக் கொண்ட காப்பீடும் விற்கப்படுகிறது.

வேரோடு சாய்ந்த மரங்களுக்கு?

மர உதவித் திட்டம், மறுநடவுச் செலவில் 65 விழுக்காட்டையும், அகற்றுதல், கவாத்து போன்றவற்றுக்குப் பாதிச் செலவையும் ஈடுசெய்கிறது. கவனிக்க வேண்டியது, இது நடவுக்கான பணம். புதிய மரம் காய்க்கும்வரை இழக்கும் வருமானத்துக்கானது அல்ல. பெக்கான் என்னும் கொட்டை மரம் முழு விளைச்சலுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். மைக்கேலிலும் பின்னர் ஹெலீனிலும் ஜார்ஜியாவின் பழைய பெக்கான் தோப்புகள் சாய்ந்தபோது இந்தப் பள்ளம் வெளிப்படையாகத் தெரிந்தது. சிறப்பு நிதித் திட்டங்கள் மரத்தின் மதிப்பையே இழப்பாகக் கணக்கிட்டு இதை ஓரளவு நிரப்புகின்றன. ஹெலீனுக்குப் பிறகு, வழக்கமான திட்டங்களில் அடங்காத கட்டமைப்பு, காட்டுமர இழப்புகளுக்காக ஜார்ஜியா மாநிலத்துக்கு 53 கோடி டாலரை ஒட்டிய தொகுப்பு மானியமும் (மாநிலமே பிரித்துக் கொடுக்கும் மொத்தத் தொகை) தரப்பட்டது.

வேலியையும் வயலில் கிடக்கும் குப்பைகளையும் நானே சரிசெய்துவிட்டுப் பிறகு பணம் கேட்கலாமா?

பொதுவாகக் கூடாது. 1978-இன் சட்டத்தின் கீழ் இயங்கும் அவசரகால நிலப் பாதுகாப்புத் திட்டம், வேலி அமைக்கவும் சிதைவுகளை அகற்றவும் 75 விழுக்காடு வரை செலவைப் பகிர்கிறது. வளம் குறைந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக. ஆனால் வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பமும், நிலத்தைப் பார்வையிட்டுத் தரும் ஒப்புதலும் வேண்டும். மாடுகள் சாலைக்குப் போய்விடும் நிலையில் யாரும் வேலிக்காகக் காத்திருக்க முடியாது. அப்படியானால் அன்றே கவுண்டி அலுவலகத்தை அழைத்து, அவசரத்தைப் பதிவுசெய்துவிட்டுத் தொடங்குங்கள்.

குத்தகைதாரருக்கா, நிலத்தின் உரிமையாளருக்கா?

பயிரின் இழப்பைத் தாங்குபவருக்கு. ரொக்கக் குத்தகையில் முழுத் தொகையும் பயிரிட்டவருக்கே போகும். விளைச்சலைப் பங்கிடும் வாரக் குத்தகையில் அந்தப் பங்கின் விகிதத்தில் இருவருக்கும் பிரியும். விண்ணப்பிப்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, கிரீன் கார்டு பெற்று நிரந்தரமாகக் குடியிருப்பவராகவோ இருக்க வேண்டும். அத்தகையோரைக் கொண்ட கூட்டாண்மைகளும் நிறுவனங்களும் தகுதி பெறும்.

ஒருவர் எவ்வளவு வரை பெறலாம்?

2020, 2021 இழப்புகளுக்கான திட்டத்தில் அடிப்படை உச்சவரம்பு 1,25,000 டாலர். வருமானத்தில் 75 விழுக்காடாவது விவசாயத்திலிருந்து வருவதாகக் கணக்காளரின் சான்றோடு காட்டியவர்களுக்கு, பழம், காய்கறி போன்ற சிறப்புப் பயிர்களுக்கு 9 லட்சம் டாலராகவும் மற்றவற்றுக்கு 2,50,000 டாலராகவும் வரம்பு உயர்ந்தது. உச்சவரம்பைவிட மிகுதியாகக் கடிப்பது கணக்கீட்டு விகிதம்தான். 2022 இழப்புகளுக்கு நிதி போதாததால் படிநிலை முறை புகுத்தப்பட்டது. கணக்கிட்ட தொகையில் முதல் 2,000 டாலர் முழுதாக எண்ணப்பட்டு, 10,000 டாலரைத் தாண்டிய பகுதியில் 10 விழுக்காடு மட்டுமே எண்ணப்பட்டது. 2023, 2024 இழப்புகளுக்கான முதற்கட்டமும், கணக்கிட்ட தொகையில் 35 விழுக்காடு மட்டுமே தருவது என்ற காரணியோடுதான் தொடங்கியது. ஆகவே, படிவத்தில் வரும் இழப்புத் தொகையை வரவாக எண்ணிச் செலவைத் திட்டமிடாதீர்கள்.

எந்த ஆவணங்கள் வேண்டும்? எவ்வளவு சீக்கிரம் அறிவிக்க வேண்டும்?

மிக முக்கியமானது பேரிடருக்கு முன்பே இருக்க வேண்டியது: எந்தப் புலத்தில் எத்தனை ஏக்கர் என்ன பயிர் என்று ஆண்டுதோறும் கவுண்டி அலுவலகத்தில் தரும் பரப்பளவு அறிக்கை. அது இல்லாமல் எந்தக் கோரிக்கையும் எளிதில் நகராது. அதனோடு விளைச்சல் பதிவுகள், விற்பனைச் சீட்டுகள், விதை, உர ரசீதுகள். கால்நடைக்கு, கொள்முதல் ரசீது, கால்நடை மருத்துவரின் பதிவு, கடன் வாங்கியபோது வங்கிக்குக் கொடுத்த இருப்புக் கணக்கு ஆகியவை எத்தனை தலை இருந்தன என்பதை நிறுவும். புதைப்பதற்கு முன் தேதி தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள். இவற்றின் நகல் வீட்டுக்கு வெளியேயும் ஓரிடத்தில் இருக்கட்டும். வீடு எரிந்தால் ரசீதும் எரியும்.

பயிர்க் காப்பீட்டில், சேதம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் முகவரிடம் சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் சேத மதிப்பீட்டாளர் பார்வையிடும் முன் வயலை உழுதுவிடக் கூடாது. காப்பீடற்ற பயிர் உதவித் திட்டத்தில் கையால் அறுவடை செய்யும் பயிர்களுக்கு அதே 72 மணி நேரம், மற்றவற்றுக்கு 15 நாள். கால்நடைத் திட்டங்களுக்கு, இழப்பு நேர்ந்த ஆண்டுக்கு அடுத்த மார்ச் 1 வரை அவகாசம் உண்டு.

இந்தப் பணத்துக்கு வருமான வரி உண்டா?

உண்டு, இது பண்ணை வருமானமாகவே கருதப்படும். ரொக்க அடிப்படையில் கணக்கு வைப்பவர், தம் பயிரின் வருமானத்தில் பாதிக்கு மேல் வழக்கமாக அடுத்த ஆண்டுதான் வரும் என்று காட்ட முடிந்தால், பயிருக்கான காப்பீட்டுத் தொகையையும் பேரிடர்த் தொகையையும் ஓர் ஆண்டு தள்ளிக் கணக்கில் காட்டலாம்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால்?

மறுப்புக் கடிதத்திலேயே அடுத்த வழிகள் குறிக்கப்பட்டிருக்கும். கவுண்டிக் குழுவிடம் மறுபரிசீலனை கேட்கலாம், சமரசப் பேச்சுக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது வேளாண் துறையின் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். பொதுவாக 30 நாள் கெடு. கடிதம் வந்த உறையையும் தேதியோடு வைத்திருங்கள். உங்கள் ஏக்கர் கணக்கு தவறாக எடுக்கப்பட்டது, மாடுகளின் எண்ணிக்கை குறைத்து ஏற்கப்பட்டது போன்ற தனிப்பட்ட முடிவுகளை மட்டுமே இவ்வாறு எதிர்க்க முடியும். அனைவருக்கும் பொதுவாக வகுத்த விகிதம் குறைவு என்பது மேல்முறையீட்டுக்கு உரிய காரணம் ஆகாது. அதை உங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினரிடம்தான் கேட்க வேண்டும்.